கதைக்குப் படிப்பினை மட்டும்தானா?

சிறுவர் கதை என்றாலே நமது பாடசாலைகளில் ஒரே வாய்பாடுதான். பொய் சொன்னவன் கெடுவான், சோம்பேறி வருந்துவான், இறுதியில் "இக்கதை தரும் படிப்பினை யாது?" என்ற வினா. தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்க, அந்த வினாவே கதையாகிவிடுகிறது. நோர்வூட்டை அண்டிய தோட்டங்களின் பிள்ளைகளுக்குச் சில காலம் மாலை வேளைகளில் வாசிப்பும் எழுத்தும் சொல்லிக்கொடுத்தவன் என்ற வகையில், இந்த வாய்பாடு வாசகனை உருவாக்குவதில்லை என்பதே எனது அனுபவம். முடிவை முன்கூட்டியே அறிந்த பிள்ளை கதையை ஏன் வாசிக்க வேண்டும்?

இத்தனைக்கும் அப்பிள்ளைகள் கதை அறியாதவர்கள் அல்லர். தொழிற்சாலையைக் காக்கும் ரோதைமுனி, கவ்வாத்து மலைக்குக் காவலான கவ்வாத்துசாமி, லயத்து நாயைக் கவ்விச்சென்ற சிறுத்தை, காமன் கூத்தில் எரிந்து மீளும் மன்மதன் என்று கேட்டு வளர்ந்தவர்கள். திகில், சாகசம், புராணம், விடுகதை எல்லாம் லயத்துக் காம்பராவில் இருக்கின்றன. கொப்பியில்தான் அவற்றுக்கு இடமில்லை.

ஒவ்வொரு கதை வகையும் ஒவ்வொரு திறனைக் கோருகிறது. பேய்க்கதை எழுதும் பிள்ளை எதை உடனே சொல்வது, எதை ஒளித்து வைப்பது என்று யோசிக்கிறது. துப்பறியும் கதை வாசிக்கும் பிள்ளை, தவறவிட்ட தடயத்தைத் தேடி முன்பக்கத்துக்குத் திரும்புகிறது. கிரகித்தல் வினாக்களால் நாம் சாதிக்க முயல்வதும் இதைத்தானே? விடுகதை, பொருளின் பெயரைச் சொல்லாமலே அதை வர்ணிக்கப் பழக்குகிறது. நாலு வரிக் கட்டுரைக்குத் திணறிய ஒரு பிள்ளை ரோதைமுனியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியதைக் கண்டிருக்கிறேன். எழுத்துப்பிழைகள் மலிந்திருந்தன. ஆனால், இரவில் கதவைத் தட்டியது யார் என்பது கடைசி வரியில்தான் தெரிந்தது.

பேய்க்கதை மூடநம்பிக்கையை வளர்க்கும் என்பர் சில ஆசிரிய நண்பர்கள். பயமுறுத்துவது எப்படி என்று எழுதிப் பழகிய பிள்ளையைப் பயமுறுத்துவது கடினம் என்பதே எனது பதில்.

நமது விமர்சனத்துக்கும் இதில் பங்குண்டு. சி. வி. வேலுப்பிள்ளை, என். எஸ். எம். ராமையா, தெளிவத்தை ஜோசப் போன்றோரின் சாதனை பெரிது. ஆனால் அவர்களது எழுத்தைத் தோட்டத்துத் துயரின் சாட்சியமாக மட்டுமே வகுப்பறைக்குக் கொண்டுசெல்கிறோம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து', ஒரு பெண் பறித்த கொழுந்தின் நிறையை நம்பலாமா என்ற சந்தேகத்தில் நகரும் கதை. "யார் சொல்வது உண்மை? எப்படி நிரூபிப்பது?" என்று கேட்டு வாசித்தால், கொழுந்து மடுவத்தையும் தராசையும் அறிந்த பிள்ளைக்கு அது துப்பறியும் கதையின் விறுவிறுப்போடு திறந்துகொள்ளும்.

முன்மாதிரியும் மலைநாட்டிலேயே உண்டு. கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை, முஸ்லிம் பிள்ளைகளுக்காகப் பாடசாலைகள் அமைத்த கல்வியாளர். அவர் 1885இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்', குழந்தைப் பருவத்தில் கடத்தப்பட்ட ஒருவனின் சாகசக் கதை. சீர்திருத்த நோக்கம் அதிலும் உண்டு. எனினும் வாசகனை இழுத்துச் செல்வது, அசனுக்கு அடுத்து என்ன நேரும் என்ற ஆவலே.

வீட்டில் புத்தக அலுமாரி இல்லாத பிள்ளைக்குப் பாடசாலைக் கதையே முதற் புத்தகம். அது பரீட்சையோடு முடிந்தால் வாசிப்பும் அத்தோடு முடியும். சிறுவருக்காக எழுதுவோர் அடுத்த கதையின் கடைசி வரியில் படிப்பினையை எழுதாது விட்டுப் பார்க்கட்டும். அவ்வரியைப் பிள்ளைகளே எழுதிக்கொள்வார்கள்.