'நல்ல' என்னும் அடை: பிராய்ஸ்லரின் சிறுவர் புதினத்தில் ஒரு பொருண்மைச் சிக்கல்

ஓட்ஃபிரீட் பிராய்ஸ்லர் 1957இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட 'குட்டிச் சூனியக்காரி' என்னும் புதினம் முழுவதும் ஒரு பெயரடையின் இருபொருளைச் சார்ந்து நிற்கிறது. 127 வயதே ஆன குட்டிச் சூனியக்காரி, மூத்தோர் ஆடும் வால்புர்கிஸ் இரவு நடனத்தில் அழைப்பின்றிப் புகுந்து பிடிபடுகிறாள். ஓராண்டுக்குள் 'நல்ல சூனியக்காரி' ஆனால் அவளும் ஆடலாம் என்பது தலைவியின் நிபந்தனை. தீங்கு செய்யாதவளே நல்ல சூனியக்காரி என்று அப்ராக்ஸஸ் என்னும் அண்டங்காக்கை பொருள் கூற, அவள் அவ்வாறே நடக்கிறாள். விறகு பொறுக்கும் கிழவியர்க்குக் காற்றை வரவழைத்துச் சுள்ளிகளை உதிர்க்கிறாள். ஆண்டு முடிவில் அதுவே குற்றமாகிறது. தீங்கு செய்பவளே நல்ல சூனியக்காரி என்கிறது மூத்தோர் அவை.

இத்தீர்ப்பு கொடியது, ஆனால் இலக்கணப் பிழையற்றது. 'நல்ல கத்தி' என்பதில் அடை குறிப்பது ஒழுக்கத்தை அன்று, தொழில் திறத்தையே. அவை இப்பொருளைக் கொண்டது. அண்டங்காக்கை மற்றதைக் கொண்டது. தமிழ் இந்த இருபொருளை எளிதில் தாங்கும். 'நல்ல அடி', 'நல்ல வெயில்' என மிகுதியைச் சுட்டுவதும், சுடுகாட்டை 'நன்காடு' என்னும் மங்கல வழக்கும் இவ்வடைக்கு உரியனவே. ஆயினும் இவ்வாற்றல் அடை நிலையில் மட்டுமே உண்டு. 'நல்லவள்' எனப் பயனிலையாக்கினால் ஒழுக்கப் பொருள் ஒன்றே எஞ்சும். ஓட்டம் கருதி நிபந்தனையை 'நீ நல்லவளாக மாறினால்' என்று பெயர்ப்பவர், தலைவியை வெறும் பொய்யுரைப்பவளாக ஆக்கிவிடுகிறார்.

பெயர்ச்சொல்லின் தேர்வு இதனினும் கடினம். 'சூனியக்காரி' தீங்கைத் தன்னுள்ளேயே கொண்ட சொல். 'மந்திரக்காரி' அத்துணைக் கடுமையற்றது. சூனியக்காரி எனப் பெண்களைப் பழிசுமத்தித் துன்புறுத்துவதைத் தடுக்கப் பீகார் 1999இல் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்த நாட்டில், மென்சொல்லை நாடுவது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் மென்சொல்லைக் கொண்டால் அவையின் தீர்ப்புக்கு அடிப்படை இல்லாது போகும். முடிவில் குட்டிச் சூனியக்காரி மூத்தோரின் மந்திர ஆற்றலைப் பறித்து, அவர்தம் துடைப்பங்களையும் நூல்களையும் எரிக்கிறாள். அச்சொல்லுக்குப் பொருள் கூறும் உரிமையும் அன்றே கைமாறுகிறது. (நூலெரிப்பில் காக்கையும் அவளும் கொள்ளும் மகிழ்ச்சி, வாசகரை நெருடாமல் விடாது.)

கறுப்பினத்தவரைக் குறித்த ஓர் இழிசொல்லை இந்நூலிலிருந்து நீக்கப்போவதாகப் பதிப்பகம் 2013இல் அறிவித்தபோது ஜெர்மனியில் பெரும் விவாதம் எழுந்தது. அச்சொல் வேடமணிந்த சிறுவரின் வருணனையில் மட்டும் வந்தது. நீக்கியதால் கதைக்கு ஊறு நேரவில்லை. 'சூனியக்காரி' அத்தகைய சொல் அன்று.