ஓலையை அரக்கும் கை

விஜயதசமிக்கு முதல் நாள் பின்நேரம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் கூடிவிடுவோம். மறுநாள் ஏடு தொடக்கவிருக்கும் குஞ்சுகுருமான்களுக்கு அவர்தான் அரிவரி ஏடு எழுதிக் கொடுப்பார். வாரிக் காயவைத்த பனையோலை, ஒரு பழைய எழுத்தாணி, சிரட்டையில் எண்ணெய் விட்டுக் குழைத்த கரி, ஓரத்தில் பூச மஞ்சள். வேறொன்றும் வேண்டாம். எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துண்டு ஓலை தந்து கீறிப் பார்க்கச் சொல்வார். பேனை பிடித்துப் பழகிய கை முதல் எழுத்திலேயே ஓலையைக் கிழித்துவிடும். "கையை அரக்காதை தம்பி, ஓலையை அரக்கு" என்பார்.

எழுத்தாணி ஓரிடத்தில் நிற்கும். இடக்கைப் பெருவிரல் அதற்கு முட்டுக் கொடுக்கும். ஓர் எழுத்து முடிய ஓலைதான் இடப்பக்கம் நகரும். முன்னைய எழுத்துக்காரர் அந்தப் பெருவிரல் நகத்தை வளர்த்து, பிறை போல வெட்டி, அதில் எழுத்தாணியைப் பொருத்தி எழுதினார்கள் என்று பெரியப்பா சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. பிற்காலத்தில் சுவடிகளைப் பற்றி வாசிக்கும்போதுதான் அது உண்மை என்று தெரிந்தது.

பல வருடங்கள் கழித்து மாத்தளைக்குச் சற்று வடக்கே உள்ள அலுவிகாரை என்ற பௌத்த விகாரைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு வயோதிபர் வருகிறவர்களுக்கு ஓலையில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். மொழி சிங்களம். ஓலையும் எங்கள் ஓலை இல்லை. ஆனால் எழுத்தாணி அசையாமல் நிற்க, ஓலை மெல்ல மெல்ல இடப்பக்கம் அரங்கியது. பெரியப்பாவின் கையையே திரும்பப் பார்த்த மாதிரி இருந்தது. இரண்டு இடங்களிலும் இந்தக் கை எப்படிப் பழக்கப்பட்டது, ஓரிடத்தில் மட்டும் ஏன் அறுந்துபோனது என்ற கேள்வி அன்றைக்குத்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

இலங்கை, இந்தியா என்று ஒப்பிட வந்தால் பாக்கு நீரிணையில் கோடு கிழிக்கத்தான் மனம் வரும். ஓலையின் கோடு அங்கே இல்லை. யாழ்ப்பாணத்தாரும் தஞ்சாவூராரும் எழுதியது ஒரே பனையோலையில். தீவுக்குள்ளேயே தெற்கு நோக்கி நடந்தால், பனை குறைந்து தாளிப்பனை தொடங்கும் நிலத்தில்தான் தொழில் மாறுகிறது. சிங்களத்தில் 'தல' எனப்படும் அந்த மரம் வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூத்துக் காய்த்துவிட்டுப் பட்டுப்போகும். அதன் விரியாத குருத்தை வெட்டி, ஈர்க்கு நீக்கி, சுருளாகச் சுற்றி, பெரிய பாத்திரத்தில் இலைதழைகளோடு அவிப்பார்கள். வெயிலிலும் பனியிலும் காயவிட்டு, வழவழப்பான உருளைத் தடியில் முன்னும் பின்னுமாக இழுத்து மெருகேற்றுவார்கள். எழுதி முடித்ததும் தும்மல என்ற குங்கிலிய எண்ணெயில் குழைத்த கரியைப் பூசி, தவிட்டாலோ குரக்கன் மாவாலோ துடைத்துவிட்டால் கீறலுக்குள் மட்டும் கறுப்பு தங்கும். அதைக் கிட்டத்தில் நின்று பார்க்கவேண்டும். வெறும் ஓலைபோல் கிடந்ததில் ஒரு துடைப்பில் வரிவரியாக எழுத்து எழும்பி வரும்.

பனையோலை ஒடுக்கம், முரடும் கூட. அவித்தோ ஈரமணலில் புதைத்தோ பதப்படுத்தி, சங்கினாலோ கல்லினாலோ தேய்ப்பார்கள். நரம்புவழி நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும், அதனால்தான் சிங்களமும் ஒடியாவும் உருண்ட எழுத்துகள் ஆயின என்று சொல்வதுண்டு. பாதி உண்மை என்றே எனக்குப் படுகிறது. ஓலையிலேயே எழுதிய தமிழ் இன்றும் மூலையும் முடுக்குமாக நிற்கிறதே! எங்களவர் புள்ளியைத்தான் கைவிட்டார்கள். புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் ஓலையில் மங்கிப் போயிருந்தது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் அதைச் சீர்செய்யும்வரை, எந்த எழுத்து என்பதை வாசிப்பவரே இடம் பார்த்து முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

இனிக் கற்றல். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியில் குழந்தை முதலில் மணலில் விரலால் எழுதும். கை தேறிய பிறகே ஓலை. ஆசிரியர் எழுதித் தரும் மேல்வரிச் சட்டத்தைப் பார்த்து மாணவன் எழுதுவான். ஆசிரியர் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைச் சிறுவர் இல்லம் ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை அங்கே செய்து பார்த்து, 1797இல் லண்டனில் நூலாக்கினார். அது இங்கிலாந்தில் 'மதராஸ் முறை' என்று பரவியது. நம் திண்ணையின் பழக்கம் கடல்கடந்து பெயர் வாங்கியது. இங்கே திண்ணைப் பள்ளிகள் பிற்பாடு இல்லாமற் போயின.

சிங்களப் பகுதியில் எழுத்தின் வீடு விகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பஞ்சமும் போரும் பிக்குகளைக் கொண்டுபோக, மனப்பாடமாக வந்த திரிபிடகம் அழிந்துவிடும் என்று அஞ்சி ஐந்நூறு பிக்குகள் அலுவிகாரையில் கூடி எழுதிவைத்தார்கள் என்பது மரபு. எழுத்துக்காகக் கூடிய கூட்டங்களில் இதைவிடப் பெரிய நோக்கம் கொண்ட ஒன்றை நான் அறியேன். 1848 மாத்தளைக் கிளர்ச்சியில் ஆங்கிலேயர் கையால் அந்த விகாரையின் சுவடிகள் அழிந்தன. மறுபடி எழுதினார்கள். எழுதுவதே புண்ணியம் என்ற நம்பிக்கை அவர்களை எழுத வைத்தது.

இங்கேதான் முக்கிய வேறுபாட்டைக் காண்கிறேன். தமிழருக்கு ஓலை அன்றாடக் கருவி. கணக்குப்பிள்ளையின் கணக்கும், வைத்தியரின் வாகடமும், சம்பந்தி வீட்டுக்கு எழுதிய கடிதமும் ஓலைதான். எல்லோருக்கும் உரியதாக இருந்ததால் கடதாசி வந்ததும் எல்லோருமே விட்டுவிட்டார்கள். சிங்களவரிடமும் அன்றாட ஓலை போயிற்று. ஆனால் 'பண' எனப்படும் பௌத்த போதனையும் சாதகமும் ஓலையில் எழுதும் பழக்கம் விகாரையை ஒட்டியும் சோதிடரை ஒட்டியும் தங்கியது. இந்தியாவில் ஒடிசாவைப் பாருங்கள். பூரிக்கு அருகே ரகுராஜ்பூரில் வீட்டுக்கு வீடு ஓலையில் எழுத்தும் சித்திரமும் கீறுகிறார்கள், பிள்ளைகள் பெரியவர்களின் பக்கத்தில் இருந்து பழகுகிறார்கள். ஜகந்நாதர் கோயில் நிழலில் ஊரே சேர்ந்து செய்வதால் அங்கே கை அறவில்லை.

நாங்கள் காத்ததும் குறைவில்லை. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்திராவிட்டால் சங்கத் தமிழ் நமக்கு இல்லை. கலித்தொகையும் சீவக சிந்தாமணியும் 1887 என்ற ஒரே ஆண்டில் அச்சேறின, முன்னது தாமோதரம்பிள்ளை பதிப்பு, பின்னது சாமிநாதையர் பதிப்பு. சென்னையின் தமிழ் மருத்துவச் சுவடிகளை 1997இலும், புதுச்சேரியின் சைவச் சுவடிகளை 2005இலும் யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மகாவம்சச் சுவடி 2023இல் அதே பட்டியலில் ஏறியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்த ஏடுகளை எந்தப் பட்டியலிலும் ஏற்ற முடியாது. அந்த வலியோடுதான் சொல்கிறேன்: ஏட்டைக் காப்பது மட்டும் போதாது. சுவடியியல் வகுப்புகளில் பழைய கையெழுத்தை வாசிக்கவும் பதிப்பிக்கவும் கற்பிக்கிறோம். எழுதக் கற்பிப்பது அரிது. எழுதிப் பார்த்த கைக்குத்தான் எழுதியவன் எங்கே தடுமாறினான், எந்தக் கீறல் பிழை, எது ஓலையின் நரம்பு என்பது உடனே பிடிபடும்.

யாழ்ப்பாணத்தில் இன்னும் 'ஏடு தொடக்குதல்' என்றே சொல்கிறோம். தமிழ்நாட்டில் வித்யாரம்பம், அட்சராப்பியாசம் என்கிறார்கள், அரிசியில் எழுதுவித்தால் முடிந்தது. எங்கள் பக்கத்திலும் ஓலை பல இடங்களில் அடையாளத்துக்கு மட்டும்தான், எழுத்தைப் பேனையால் எழுதிவிடுகிறார்கள். சொல் மிஞ்சியிருக்கிறது, பனை மிஞ்சியிருக்கிறது. விஜயதசமியை ஒட்டி வாணி விழா கொண்டாடும் பாடசாலை ஆசிரியர்களிடமும் கோயில் சபையாரிடமும் என் வேண்டுகோள் ஒன்றுதான். இந்தமுறை விழாவுக்கு முதல் நாள் பிள்ளைகளைக் கூட்டி எழுத்தாணியால் எழுத வையுங்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். எழுத்தாணியை ஊர்க் கொல்லரே அடித்துத் தருவார். ஓலைக்குத்தான் நாள் வேண்டும். வெட்டி, வாரி, அவித்து, நிழலில் காயவைத்து, தேய்த்தெடுக்க வேண்டும். ஆகவே ஒரு மாதம் முன்னதாகவே தொடங்கிவிடுங்கள்.