வேலைக்காரியின் முகம்: லூப்பே ஒன்ரிவேரோஸின் நடிப்பு பற்றிய ஒரு நோக்கு

திரைப்படக் கலை பற்றிய விமர்சனங்கள் பெரும்பாலும் நெறியாளரையும் தலைமை நடிகரையும் மையமாகக் கொண்டே எழுதப்படுகின்றன. கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பவர், மேசையைத் துடைத்துவிட்டு மறைபவர், இரண்டொரு வாக்கியங்களைப் பேசி அடுத்த காட்சிக்கு வழிவிடுபவர் ஆகியோர் விமர்சகரின் கண்ணிற் படுவது அரிது. எனினும், ஒரு சமூகம் தன்னுள் வாழும் சிறுபான்மையினரை எவ்வாறு காண்கிறது என்பதை அறிய முயல்வோர்க்கு இத்தகைய சிறு பாத்திரங்களே கூடிய சான்று பகர்வன. தலைமைப் பாத்திரம் சில வேளைகளில் விதிவிலக்காக அமையலாம். சிறு பாத்திரமோ விதியையே காட்டிநிற்கும்.

1970களின் நடுப்பகுதி முதல் 2012 வரை அமெரிக்கத் திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் நடித்த லூப்பே ஒன்ரிவேரோஸ் இவ்வகையில் ஆராயத்தக்கவர். மேடையிலும் திரையிலும் ஏறத்தாழ நூற்றைம்பது தடவைகள் வேலைக்காரியாக நடித்திருப்பதாக 2002ஆம் ஆண்டளவில் அவரே மதிப்பிட்டுக் கூறினார். இத்தொகை கணக்கேட்டைப் பார்த்துச் சொல்லப்பட்டதன்று. ஆயின், ஒரே வகைப் பாத்திரத்தை எத்தனை முறை நடித்தோம் என எண்ணிச் சொல்லவியலாத நிலைக்கு ஒரு கலைஞர் தள்ளப்பட்டார் என்பதே மனங்கொள்ளத்தக்கது. இவ்வாறான வரையறைக்குள் நின்று ஒரு நடிகர் எதனைச் சாதிக்கலாம், எதனைச் சாதிக்கவியலாது என்பதே இங்கு எழும் வினாவாகும்.

1. பின்னணி

அமெரிக்க ஊமைப்படக் காலத்திலிருந்தே மெக்சிக்கர் கொள்ளைக்காரராகவும் வஞ்சகராகவும் சித்திரிக்கப்பட்டு வந்தனர். மெக்சிக்கரைக் குறிக்கும் இழிசொல் ஒன்றைத் தலைப்பிலேயே தாங்கிய படமொன்றை டி. டபிள்யூ. கிரிபித் 1908இல் நெறியாள்கை செய்தார். பெண்களைப் பொறுத்தவரை இரு வழிகளே திறந்திருந்தன: ஒன்று, காமமும் கோபமும் மிக்க காதலி, மற்றையது, ஏவற்பெண். முதலாவது இளமைக்குரியது, இரண்டாவது எவ்வயதினருக்கும் உரியது. முப்பது வயதைக் கடந்த பின்னரே நடிப்புக்கு வந்த ஒன்ரிவேரோஸுக்கு எவ்வழி காத்திருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆயின் அவரது வாழ்க்கைக்கும் அவர் ஏற்ற பாத்திரங்களுக்கும் இடையிலான முரண் கூர்ந்து நோக்கத்தக்கது. 1942இல் ரெக்ஸாஸ் மாநிலத்து எல் பாஸோ நகரிலே பிறந்தவர் அவர். மெக்சிக்கோவிலிருந்து வந்த அவரது பெற்றோர் தோர்த்தியா ரொட்டி செய்யும் ஆலையொன்றையும் இரு உணவகங்களையும் நடத்திய நடுத்தர வர்க்கத்தினர். ரெக்ஸாஸ் மகளிர் பல்கலைக்கழகத்தில் உளவியலும் சமூகப் பணியும் பயின்ற ஒன்ரிவேரோஸ், கலிபோர்னியாவிலே பல ஆண்டுகள் சமூகப் பணியாளராகக் கடமையாற்றினார். ஆங்கிலம் அவருக்குப் பிறந்த மண்ணின் மொழி. எனினும் நடிகர் தேர்விலே திருத்தமான ஆங்கிலத்திற் பேசினால் வாய்ப்புக் கிட்டுவதில்லை என அவர் கூறியிருக்கிறார். நடிகை தன்னிடமில்லாத கொச்சை உச்சரிப்பை உருவாக்கிக் கொடுத்தாற்றான் 'இயல்பான' மெக்சிக்கப் பெண்ணாக ஏற்கப்படுவார் என்பதே இதன் பொருள். யதார்த்தம் என்ற பெயரில் ஹொலிவூட் வேண்டிநின்றது யதார்த்தத்தையன்று. தனது பழைய படங்களின் நிழலையே எனலாம்.

2. வேலைக்காரிப் பாத்திரம்: இரு எடுத்துக்காட்டுகள்

ஒரே பாத்திரம் இருவேறு கைகளில் எவ்வாறு மாறுகிறது என்பதை இரு படங்களைக் கொண்டு காட்டலாம். கிரகரி நாவாவின் 'எல் நோர்தே' (1983) குவாத்தமாலாவிலே தந்தையை இராணுவத்தினரிடம் பறிகொடுத்த பழங்குடி அண்ணனும் தங்கையும் லொஸ் ஏஞ்சலிஸை வந்தடையும் கதையைக் கூறுவது. இதில் ஒன்ரிவேரோஸ், தங்கை ரோசாவுக்கு நகர வாழ்வைப் பழக்கும் நாச்சா என்னும் தொழிலாளியாக வருகிறார். செல்வர் வீட்டுச் சலவை இயந்திரத்தின் பொத்தான்களை விளங்கிக்கொள்ள இயலாத ரோசா துணிகளைக் கையாலே துவைத்துப் புற்றரையில் விரித்துக் காயவிடுகிறாள். எசமானி திகைக்கிறாள். பார்வையாளர் சிரிப்பது உண்மையே; ஆனால் அச்சிரிப்பு ரோசாவை நோக்கியதன்று. ஏனெனில் அப்படம் எசமானியின் வீட்டை வேலைக்காரியின் கண்கொண்டு பார்க்கின்றது. நாச்சாவுக்கு ஊர் உண்டு, தோழமை உண்டு, நகரத்திற் பிழைத்துக்கொள்ளும் தந்திரம் உண்டு. வேலை முடிந்த பின்னரும் அவள் வாழ்கிறாள்.

இரண்டு ஆண்டுகளின் பின் வெளிவந்த 'த கூனீஸ்' (1985) சிறுவர்க்கான சாகசப் படம். ரிச்சர்ட் டொனர் நெறியாள்கை செய்த இதில் ரோசலீற்றா என்ற வேலைக்காரியாக ஒன்ரிவேரோஸ் நடித்தார். ஆங்கிலம் அறியாத அவளுக்கு வீட்டுக்காரியின் பணிப்புரைகளைச் சிறுவனொருவன் ஸ்பானிய மொழியிற் பெயர்த்துக் கூறுகிறான். போதைப்பொருள்கள் எந்தெந்த இழுப்பறையில் உள்ளன என்றும், வேலை பிழைத்தால் என்ன தண்டனை கிடைக்கும் என்றும் அவன் வேண்டுமென்றே பொய்யாகப் பெயர்க்கிறான். வீட்டுக்காரி எதுவும் அறியாது புன்னகைக்கிறாள். இக்காட்சியின் நகைச்சுவை முழுவதும் ரோசலீற்றாவின் முகத்திலேயே தங்கியுள்ளது. ஒன்ரிவேரோஸ் அச்சத்தை மிகைப்படுத்திக் கோமாளித்தனம் செய்யவில்லை. இவ்வளவு கண்ணியமான தோற்றமுடைய பெண் இவற்றையெல்லாம் சொல்கிறாளா என்ற ஐயமே முதலில் எழுகிறது. அச்சம் அதன் பின்னரே படர்கிறது. நமது இலக்கண மரபு மெய்ப்பாடு எனக் குறிக்கும் உடல்வழி வெளிப்பாட்டின் நுட்பத்தை இங்கு காணலாம்.

படத்தின் முடிவில் வீட்டை இழக்கும் பத்திரத்திற் குடும்பத் தலைவர் கையொப்பமிடும் வேளை, சிறுவனின் கண்ணாடிக்குண்டுப் பையில் இரத்தினக் கற்கள் இருப்பதைக் கண்டு, கையொப்பமிட வேண்டாமெனக் கூவுபவள் ரோசலீற்றாவே. அக்குடியிருப்பு முழுவதையும் காப்பாற்றுபவள் அவள்தான். ஆயினும் அவளுடைய சொல் முன்பு பொய் பெயர்த்த அதே சிறுவனின் வாய்வழியாகவே ஏனையோரைச் சென்றடைகிறது. அவள் எங்கு வாழ்கிறாள், அவளுக்கு யார் உளர் என்பவற்றைப் படம் கேட்பதேயில்லை. நடிகையின் ஆற்றல் இரு படங்களிலும் ஒன்றே. வேறுபடுவது கதையின் நிலைக்களன்.

3. ஏற்பதும் மறுப்பதும்

இத்தகைய பாத்திரங்களை ஏற்காது மறுத்திருக்க வேண்டுமென வாதிடுவோர் உளர். 'வெஸ்ற் சைட் ஸ்ரோறி'யில் (1961) நடித்து ஒஸ்கார் விருது பெற்ற ரீற்றா மொரேனோ, அதன் பின் அதே வார்ப்பிலான பாத்திரங்களே தரப்பட்டமையாற் பல ஆண்டுகள் ஹொலிவூட் படங்களைத் தவிர்த்தார். அம்மறுப்பு மதிப்புக்குரியது. ஆனால் விருது பெற்ற ஒருவரின் மறுப்புச் செய்தியாகும். பெயர் பெறாத குணசித்திர நடிகையின் மறுப்பை எவரும் அறியப்போவதில்லை. அவ்விடத்தை இன்னொருவர் நிரப்பிவிடுவார். வீட்டு வேலைக்காரிக்கும் வேலைக்காரியாக நடிப்பவருக்கும் உள்ள ஒற்றுமை இதுவே: இருவரும் எளிதில் மாற்றீடு செய்யப்படக் கூடியவர்கள்.

தாம் ஏற்ற ஒவ்வொரு வேலைக்காரிக்கும் உயிரும் உள்ளமும் ஊட்டியதாகவும், அந்நாட்டில் உழைக்கும் கரங்களைப் பிரதிபலிப்பதிற் பெருமையடைவதாகவும் ஒன்ரிவேரோஸ் கூறினார். அதே வேளை நீதிபதியாகவோ நகரசபை உறுப்பினராகவோ நடிப்பதற்கு ஏங்குவதாகவும் அவர் சொன்னார். இவ்விரு கூற்றுகளுள் முதலாவதை மட்டும் எடுத்துப் போற்றுவது ஆபத்தானது. கண்ணியமான வேலைக்காரியின் தோற்றம் எசமானரின் மனச்சாட்சியைத் தூண்டுவதற்குப் பதிலாகத் தாலாட்டவும் கூடும். 1997இல் வெளிவந்த 'அஸ் குட் அஸ் இற் கெற்ஸ்' படத்தின் நோரா அன்பும் அக்கறையும் மிக்கவள். ஆனால் அந்த அக்கறை முழுவதும் எசமானருக்கே செலவாகின்றது. உழைப்பின் மேன்மையைப் பாடிவிட்டு உழைப்பவரின் நிலையை மறந்துவிடும் மனிதாபிமானத்தின் வரம்பு இதுவாகும். உழைக்கும் கரங்களைப் பற்றிய பெருமையையும் வேறு பாத்திரங்களுக்கான ஏக்கத்தையும் ஒருங்கே கொள்ளும்போதுதான் ஒன்ரிவேரோஸின் நிலை தெளிவாகும்.

4. மறுபக்கம்

ஹொலிவூட் காட்டாத ஒன்ரிவேரோஸைக் காண்பதற்கு லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரே படைத்த ஆக்கங்களை நாட வேண்டும். லூயிஸ் வால்டேஸின் 'ஸூற் ஸூற்' நாடகம் 1942ஆம் ஆண்டின் கொலை வழக்கொன்றிலே மெக்சிக்க-அமெரிக்க இளைஞர் கூட்டாகத் தண்டிக்கப்பட்டதைப் பொருளாகக் கொண்டது. 1978இல் லொஸ் ஏஞ்சலிஸில் மேடையேறி, மறுவருடம் பிறோட்வேயை அடைந்து, 1981இற் படமாகியது. இதில் சிறைப்பட்ட இளைஞனின் தாயாக அவர் நடித்தார். 'சலீனா' (1997) படத்தில் பாடகியைச் சுட்டுக்கொன்ற யொலண்டா சல்டீவராகத் தோன்றி, பணிவு என்னும் போர்வைக்குள் வஞ்சம் உறைவதைக் காட்டினார். மிகெல் ஆர்தேற்றாவின் 'சக் அன் பக்' (2000) படத்தில் சிறிய நாடக அரங்கொன்றின் நிருவாகியாக, வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசும் பெண்ணாக வந்தார். அவ்வாண்டுக்கான சிறந்த துணை நடிகை என அமெரிக்கத் தேசிய விமரிசனச் சபை அவரைத் தேர்ந்தது.

அவரது நடிப்பின் சிகரம் பற்றீசியா கர்டோசோ நெறியாள்கை செய்த 'றியல் விமின் ஹாவ் கேர்வ்ஸ்' (2002) என்பதில் ஐயமில்லை. ஹொசெபீனா லோபேஸின் நாடகத்தைத் தழுவிய இப்படத்துக்காக அவருக்கும் மகளாக நடித்த அமெரிக்கா பெரேராவுக்கும் சன்டான்ஸ் விழாவிலே நடிப்புக்கான சிறப்பு நடுவர் பரிசு வழங்கப்பட்டது. கார்மென் என்னும் தாய் மூத்த மகளின் சிறு தையற்கூடத்தில் வேலை செய்பவள். அங்கு தைக்கும் உடையொன்றுக்குக் கூலி 18 டொலர். பெருங்கடையில் அதன் விலை 600 டொலர். இளைய மகள் ஆனாவுக்குக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இடமும் உதவிப்பணமும் கிடைத்த போதும், அவள் கல்வியை விடுத்துத் தையலுக்கு வரவேண்டுமென்றே தாய் வற்புறுத்துகிறாள். மகளின் பருமனான உடலைப் பழித்துக் குத்திக்காட்டுகிறாள்.

இப்பாத்திரத்தைக் கொடுமைக்காரத் தாயாக நடித்துவிடுதல் எளிது. ஒன்ரிவேரோஸ் அதனைச் செய்யவில்லை, அவளை நியாயப்படுத்தவுமில்லை. தான் சுமந்த பாரத்தை மகள் சுமக்க மறுத்தால் தன் வாழ்வே வீணென்றாகிவிடுமோ என்ற அச்சம் கார்மெனின் ஏச்சுகளுக்கு அடியில் ஓடுகிறது. மகள் புறப்படும் நாளில் அறைக் கதவைத் திறக்க மறுக்கும் தாய், யன்னலோரம் நின்று அவள் போவதைப் பார்க்கிறாள். வாழ்நாள் முழுவதும் பிறர் வீட்டுக் கதவுகளைத் திறந்துவிட்ட நடிகைக்கு, தன் கதவைத் திறக்க மறுக்கும் உரிமையுடைய பாத்திரம் அறுபதாவது வயதை அண்மித்த போதே கிடைத்தது.

5. முடிவாக

இதன் பின்னரும் வார்ப்பு உடைந்துவிடவில்லை. 'டெஸ்பரேற் ஹவுஸ்வைவ்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் மாமியாராக நடித்தமைக்காக 2005இல் எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அதே காலப்பகுதியில், லொஸ் ஏஞ்சலிஸில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் பற்றிய 'மெயிட் இன் அமெரிக்கா' என்னும் விவரணப் படத்துக்குக் குரல் கொடுத்தார். கற்பனை வேலைக்காரிகளாக வாழ்ந்தவர் உண்மை வேலைக்காரிகளின் கதையைக் கூற அழைக்கப்பட்டமை பொருத்தமானதே. 2012 யூலையில் அவர் காலமானார்.

ஒன்ரிவேரோஸின் கலைவாழ்விலிருந்து பெறப்படும் உண்மை இரு திறத்தது. நடிகரின் ஆற்றல் சிறு பாத்திரத்துக்கும் உயிரூட்ட வல்லது. ஆனால் பாத்திரத்தின் எல்லையை நகர்த்தும் வலிமை அதற்குத் தனித்து இல்லை. அந்த எல்லையை வகுப்பவர் எழுதுபவரும், நெறிப்படுத்துபவரும், முதலிடுபவருமே. எனவே, திறமையுள்ளவர் எவ்வாறேனும் முன்னுக்கு வருவர் என்ற ஆறுதல் வார்த்தைக்கு அவரது வாழ்வு சான்றாகாது. நூற்றைம்பது வேலைக்காரிகளுக்கு ஒரு கார்மென் என்னும் விகிதம் அவருடைய திறமையின் அளவன்று. அத்திறமைக்கு அத்தொழில் கொடுத்த கூலியின் அளவே.