பெயர் சொல்லிக் கற்பதும் பழகிக் கற்பதும்

திருச்சியிலோ மதுரையிலோ ஒரு போட்டித் தேர்வுப் பயிற்சி வகுப்புக்குள் எட்டிப் பார்த்தால், ஜெரண்ட், இன்ஃபினிட்டிவ் பாடம் பெரும்பாலும் பலகையில் இரண்டு பத்திகளாகத்தான் தொடங்கும். ஒரு பக்கம் என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ், மைண்ட்: இவற்றை அடுத்து வரும் வினை ‘இங்’ ஏற்கும். மறுபக்கம் வான்ட், ஹோப், டிசைட், ப்ராமிஸ்: இவற்றை அடுத்து ‘டு’ வரும். மாணவர்கள் அப்படியே நோட்டில் எழுதி உருப்போடுகிறார்கள். டிஎன்பிஎஸ்சி பொது ஆங்கிலப் பாடத்திட்டத்தில் இன்ஃபினிட்டிவ், ஜெரண்ட், பார்ட்டிசிப்பிள் மூன்றையும் வைத்துக் கோடிட்ட இடம் நிரப்பும் பகுதி தனியாகவே இருந்தது. பள்ளியில் ‘டூ வீக் டு வாக்’ என்பதை ‘ஸோ வீக் தட்’ என்று மாற்றும் பயிற்சியை அறியாத தமிழ்நாட்டு மாணவர் அரிது. இந்த முறைக்குப் பின்னால் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலின் நீண்ட நிழல் இருக்கிறது. ஒன்றுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தால் அது கைக்கு வந்துவிட்டது என்ற நம்பிக்கை அது.

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பத்தாம் தரப் பிள்ளையிடம் ஜெரண்ட் என்றால் என்னவென்று கேளுங்கள். பலர் விழிப்பார்கள். ஆனால் ‘ஐ என்ஜாய் ரீடிங்’ என்று எழுதுவார்கள். இலங்கைப் பாடநூல் வேறு வழியில் போகிறது. 1997 கல்விச் சீர்திருத்தத்துக்குப் பிறகு முதலாம் தரத்திலேயே செயல்வழிப் பேச்சு ஆங்கிலம் தொடங்குகிறது. மேல்வகுப்புகளில் மாணவர் நூலுக்குத் துணையாகப் பயிற்சி நூலும் உண்டு. விடுமுறைக்கு என்ன செய்ய விரும்புகிறாய், எதைச் செய்வது பிடிக்கும் என்று நண்பரிடம் கேட்டு எழுதுவது போன்ற வேலைகள் வழியாக வடிவம் பழக்கத்துக்கு வருகிறது. சாதாரண தரப் பொதுத்தேர்வின் ஆங்கில வினாத்தாளும் கடிதம், குறிப்பு, வாசித்து விளங்குதல் என்று பயன்பாட்டையே பெரிதும் சோதிக்கிறது. அங்கே ரியூசன் வகுப்புகளில் கடந்தகால வினாத்தாள்களே வேதம். தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் இரு கரையிலும் ஆசிரியர்கள் கற்பிக்கிறார்கள்.

சிறு பிள்ளைகளுக்கு இலங்கை வழியே சரி என்பது என் உறுதியான எண்ணம். பத்து வயதில் இரண்டு பத்திப் பட்டியலை மனப்பாடம் செய்யவைப்பது ஆங்கிலத்தின் மீது வெறுப்பைத்தான் வளர்க்கும். ஆனால் இருபது வயதில், வேலைக்கான விண்ணப்பத்தில் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர்’ என்று எழுதிவிட்டு, அது ஏன் ‘ஹியரிங்’ ஆக வேண்டும் என்று கேட்பவருக்குப் பழக்கம் பதில் சொல்லாது. அந்த ‘டு’ வினையின் பகுதியல்ல, முன்னிடைச்சொல். அதை அடுத்துப் பெயர்தான் வரும். இதைச் சொல்ல இலக்கணம் வேண்டும். அந்த இடத்தில் தமிழ்நாட்டு மாணவரிடம் ஒரு பிடி இருக்கிறது.

இரு நாட்டு வகுப்பறைகளிலும் எனக்கு ஆற்றாமை தரும் விஷயம் ஒன்று. பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கும் தமிழை யாரும் தொடுவதில்லை. தமிழ்ப் பாடவேளையில் எச்சமும் தொழிற்பெயரும் படித்த அதே பிள்ளை, அடுத்த மணிக்கு ஆங்கில வகுப்பில் எதுவும் தெரியாதவராக உட்கார்ந்திருக்கிறார். ஆங்கிலத்தில் மிகக் கடினம் என்று சொல்லப்படும் இடங்களை எடுத்துப் பாருங்கள். ஃபர்காட் டு லாக்: பூட்ட மறந்தேன். ஃபர்காட் லாக்கிங்: பூட்டியதை மறந்தேன். முதலாவதில் கதவு திறந்து கிடக்கிறது, இரண்டாவதில் பூட்டியாயிற்று. ஸ்டாப்ட் டு ஸ்மோக்: புகைபிடிக்க நின்றான். ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்: புகைபிடிப்பதை நிறுத்தினான். ‘செய்ய’ என்ற எச்சம் இனி நடக்கவேண்டியதைக் காட்டுகிறது. ‘செய்ததை’, ‘செய்வதை’ என்ற பெயர்கள் செயலை ஒரு பொருளாக நம் முன் வைக்கின்றன. ஆங்கிலம் இங்கே செய்வதும் ஏறக்குறைய அதுவே. எம்.ஏ. நுஃமானின் ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ போல இன்றைய தமிழை விளக்கும் நூலொன்றை ஆங்கில ஆசிரியர்கள் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இந்த வேலையில் பாதி ஒரு பாடவேளையில் முடிந்துவிடும்.

தமிழ் எல்லா இடத்திலும் துணைக்கு வராது, அதையும் மாணவரிடம் மறைக்கக்கூடாது. ‘கற்க ஆர்வமாயிருக்கிறேன்’ என்று நினைப்பவர் ‘இன்ட்ரஸ்டட் டு லேர்ன்’ என்று எழுதுவார். ‘இன்ட்ரஸ்டட் இன் லேர்னிங்’ என்பது வழக்கமான வடிவம். ‘எழுதி முடித்தேன்’ என்பதில் இருப்பது இறந்தகால எச்சம். அது ‘ஃபினிஷ்ட் ரைட்டிங்’குக்கு வழிகாட்டாது. சஜஸ்ட் இன்னும் சங்கடம்: ‘போகலாம் என்றான்’ என்று நாம் வாக்கியத்தையே மாற்றிக்கொள்கிறோம், ஆங்கிலத்திலோ சஜஸ்ட், இனி நடக்கப்போவதைச் சொன்னாலும், ‘டு’ ஏற்காமல் ‘கோயிங்’ என்று கேட்கிறது. இந்தச் சில வினைகளுக்கு மட்டும் திருச்சிப் பலகையின் பட்டியல் உண்மையிலேயே தேவை. அதை நோட்டில் எழுதிய கையோடு, நண்பரிடம் கேட்டு எழுதும் இலங்கைப் பயிற்சியில் அதே வினைகளைப் போட்டு ஒரு வாரம் பேசவைக்கலாம்.