அறைக்குள் கேட்கப்படும் கேள்வி

குடும்ப நல நீதிமன்றத்தில் பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வழக்கில் மனுவும் எதிர்மனுவும் சாட்சியமும் பெரியவர்களுடையவை. பிள்ளை அந்த வழக்கில் கட்சிக்காரர்கூட இல்லை. அது வாய் திறக்கக் கிடைக்கும் ஒரே இடம் பெரும்பாலும் நீதிபதியின் அறைதான். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் 17-ஆவது பிரிவில் இடம் தருகிறது, கட்டாயமாக்கவில்லை.

பிள்ளையை அறைக்கு அழைத்துக் கேட்கும் இந்த நடைமுறை அவசியம் வேண்டும். 2008-இல், தாயை இழந்த ஒரு சிறுவனைத் தந்தை கேட்ட வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அவனையே அழைத்துப் பேசினார்கள். அப்பாவிடம் போக மாட்டேன் என்றான். தாய்வழித் தாத்தா பாட்டியிடமே அவன் இருக்கட்டும் என்று தீர்ப்பானது. காகிதங்களை மட்டும் பார்த்திருந்தால் அந்த மறுப்பின் உறுதி யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆனால் கேட்கும் விதம் பல நேரங்களில் நோக்கத்தையே கெடுத்துவிடுகிறது. வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக வழக்கு இழுபடும்போது பிள்ளை ஒருவரிடமே வளர்ந்துவிடுகிறது. அறைக்கு அழைக்கப்படும் நாளில் அதைக் கூட்டிவருபவரும் அவரே, திரும்பக் கூட்டிப்போகிறவரும் அவரே. இடையில் சில நிமிடப் பேச்சு: “அம்மாகிட்ட இருக்கியா, அப்பாகிட்ட இருக்கியா?” அன்றிரவு யார் வீட்டில் சாப்பிடப் போகிறோம் என்பது பிள்ளைக்குத் தெரியும். அந்தப் பதிலை அதன் சொந்த விருப்பம் என்று எப்படி எடுத்துக்கொள்வது? 2017-இல், சிறு வயது முதல் தந்தையிடமே வளர்ந்த ஒரு சிறுமியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உணர்ந்தது. தாயோடும் வாழ்ந்து பார்த்தால்தான் அவளால் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியும் என்று கருதி, ஓராண்டு தாயிடம் இருக்கச் செய்தது.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. பிள்ளை ஒருவரிடம் போக மறுத்தாலே ‘சொல்லிக்கொடுத்துப் பேசுகிறது’ என்று தள்ளிவிடுவது. குடியும் அடியும் பார்த்த பிள்ளையின் பயம் உண்மையான பயம். குறிப்பிட்ட சம்பவங்களைக் காட்டாமல் அந்த முத்திரையைக் குத்தக் கூடாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது சரியானது. பிள்ளையின் ஆசை வேறு, அதன் நலன் வேறு. பின்னதை எல்லாச் சூழலையும் பார்த்து நீதிமன்றமே முடிவு செய்ய வேண்டும் என்று 2022-இல் அதே நீதிமன்றம் சொன்னதும் சரியே. அம்மாவா அப்பாவா என்ற பாரத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது கொடுமை.

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும். பள்ளிக்கு யார் கூட்டிப்போகிறார், காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் இருக்கிறார், எதற்குப் பயம் என்று அன்றாடத்தைக் கேட்கலாம். ஒரு முறையோடு நிறுத்தாமல், ஒருமுறை அம்மாவும் மறுமுறை அப்பாவும் அழைத்துவரும்படி செய்யலாம். இடைக்கால உத்தரவுக்கு முன்பே, ஒரே வீடு பழகிப்போவதற்குள் கேட்பது முக்கியம். பிள்ளையின் சொற்களை வெளியிடாமலே, அவற்றுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்தேன், ஏன் என்பதை நீதிபதி உத்தரவில் எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் மேல்முறையீட்டில் எடைபோட எதுவும் மிஞ்சாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அன்று காலை பிள்ளைக்கு எதையும் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். திரும்பும் வழியில், உள்ளே என்ன சொன்னாய் என்றும் கேட்காதீர்கள்.