கசப்பு எலுமிச்சை: விருந்தாளி எழுதிய தீவு

லாரன்ஸ் டரலின் ‘பிட்டர் லெமன்ஸ்’ புத்தகத்தை முதல் தடவை படித்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. படித்து முடித்ததும் வந்த ஒரே ஆசை, மத்தியதரைக் கடல் பக்கம் எங்கேயாவது ஒரு பழைய கல்வீடு வாங்க வேண்டும் என்பதுதான். அப்போது அறை வாடகைக்கே நண்பனிடம் கடன் வாங்கிக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம். போன மாதம் அதே பிரதியை எடுத்து மறுபடி படித்தேன். நடை இன்னமும் மயக்குகிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தத் தடவை ஒன்று உறுத்தியது. இத்தனை பக்கங்களிலும் யார் ஊற்றிக் கொடுக்கிறார்கள், யார் குடிக்கிறார்கள்? அதற்கான கணக்கு எப்போது தீர்க்கப்படுகிறது? இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

புத்தகம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. 1953-இல் டரல் சைப்ரஸ் தீவுக்கு வருகிறார். நாவல் எழுத அமைதியான இடம் வேண்டும், செலவு கம்மியாக இருக்க வேண்டும், வெயில் அடிக்க வேண்டும். வெளிநாட்டில் போய்த் தங்கும் எழுத்தாளர்களின் வழக்கமான மூன்று நிபந்தனைகள். தீவின் வடகரையில் இருக்கும் கைரீனியா துறைமுகத்துக்கு மேலே, மலைச்சரிவில் பெல்லபைஸ் என்ற கிராமம். அங்கே 13-ஆம் நூற்றாண்டு கோதிக் மடாலயம் ஒன்று பாதி இடிந்து நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் வீடு வாங்குகிறார். காசு கரைந்ததும் நிகோசியாவில் ஒரு கிரேக்கப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலை. 1954-இல் காலனி அரசின் செய்தித்துறைக்குப் போகிறார். 1955 ஏப்ரல் 1 அன்று இயோக்கா இயக்கத்தின் குண்டுகள் வெடிக்கின்றன. 1956-இல் டரல் தீவை விட்டுப் போகிறார். அடுத்த வருடமே புத்தகம் வந்து, டஃப் கூப்பர் பரிசும் வாங்கிவிட்டது.

கோர்ஃபு பற்றி ஒன்று, ரோட்ஸ் பற்றி ஒன்று, மூன்றாவது இது. இந்த மூன்று தீவுப் புத்தகங்களில் இதைத்தான் அதிகம் பேர் படித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். காரணம் முதல் பாதி. கைரீனியாவில் கிளிட்டோ என்பவரின் மதுக்கடை. பீப்பாயிலிருந்து நேராகக் கோப்பையில் விழும் ஒயின். பெல்லபைஸ் காபிக்கடை வாசலில் ஒரு மரம். அதன் நிழலில் உட்கார்ந்தவனுக்கு வேலை செய்யும் எண்ணமே போய்விடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. இதையெல்லாம் டரல் எழுதினால் வாசகனுக்கு நாக்கு ஊறும். உணவைப் பற்றி நீளமாக வர்ணிக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. சாப்பாட்டைச் சுற்றி நடக்கும் பேச்சை எழுதுவார். நம்ம ஊர் டீக்கடை பெஞ்ச் தெரிந்தவர்களுக்கு அந்த இடம் உடனே பிடிபட்டுவிடும்.

அந்தக் காபிக்கடையில் நடக்கும் ஒரு சம்பவம்தான் புத்தகத்தின் சாவி என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. கிராமத்துக்குப் புதிதாக வந்திருக்கிறார் டரல். ஃபிராங்கோஸ் என்ற முரட்டு ஆள் குடித்துவிட்டு, ஆங்கிலேயர்களை எல்லார் முன்னாலும் திட்டுகிறான். கடையே இந்த வெள்ளைக்காரன் என்ன செய்யப் போகிறான் என்று பார்க்கிறது. டரல் சண்டைக்குப் போகவில்லை. தன் சகோதரன் தெர்மோபைலேயில் கிரேக்கர்களோடு தோளோடு தோள் நின்று போரிட்டுச் செத்தான் என்று சொல்கிறார். கடை அமைதியாகிறது. திட்டியவன் வெட்கப்படுகிறான். அந்த நிமிடத்திலிருந்து அவர் ஊருக்கு வேண்டியவர்.

இது முழுப் பொய். அவருடைய சகோதரர்கள் இரண்டு பேருமே உயிரோடு இருந்தார்கள். ஒருவர், விலங்குகளைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கிய ஜெரால்ட் டரல். பொய் என்பதை டரலே வாசகனுக்குச் சொல்லிவிடுகிறார், கண்ணடித்துக்கொண்டு. முதல் வாசிப்பில் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என்ன சாமர்த்தியம்! இரண்டாவது வாசிப்பில் அந்தக் கடையில் இருந்தவர்களை நினைத்துப் பார்த்தேன். 1941-இல் ஜெர்மானியர்களுக்கு எதிராக கிரேக்க மண்ணில் நடந்த போர் அவர்களுக்கு நிஜம். சைப்ரஸ்காரர்கள் பலர் அந்தப் போரில் பிரிட்டனுக்காகவே வேலை செய்தவர்கள். அவர்கள் துக்கத்துக்குக் கொடுத்த மரியாதையை இவர் இல்லாத ஒரு சாவைக் காட்டி வாங்கிக்கொண்டார். கிராமத்தில் அவருக்குக் கிடைத்த இடம் கடனாக வந்த இடம். இந்தக் கடனை வாசகனும் ஆசிரியரும் சேர்ந்து ரகசியமாக வைத்துக்கொள்கிறோம்.

அடுத்தது, எல்லாரும் மேற்கோள் காட்டும் வீடு வாங்கும் அத்தியாயம். சப்ரி என்ற துருக்கியத் தரகர். அவசரமே படாதவர், எதிராளியைக் களைப்படைய வைத்தே ஜெயிப்பவர். வீட்டுக்காரி ஊரில் செருப்புத் தைப்பவரின் மனைவி. பெரிய சாவியோடு வந்து உட்கார்ந்து, எண்ணூறு பவுண்ட் கேட்கிறாள். அவள் அழுகிறாள், கத்துகிறாள், எழுந்து போகிறாள், திரும்பி வருகிறாள். சொந்தக்காரர்கள் வேறு. கடைசியில் முந்நூறுக்கு முடிகிறது. நாடகமாக எடுத்துக்கொண்டால் இதற்கு இணையான காட்சியை ஆங்கிலப் பயண எழுத்தில் நான் படித்ததில்லை. சப்ரி வரும் ஒவ்வொரு வரியும் உயிரோடு இருக்கிறது.

ஆனால் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கவனியுங்கள். டரல் சப்ரியின் பக்கம் இருக்கிறார். நாமும் அங்கேதான் இருக்கிறோம். எதிரே இருப்பவளைப் புத்தகம் அவள் புருஷனின் தொழிலை வைத்துத்தான் அடையாளம் காட்டுகிறது. அந்த முந்நூறு பவுண்டில் அவள் என்ன செய்தாள், எங்கே போனாள் என்று அறிய நமக்கு வழி இல்லை. என் பாட்டி கிராமத்து வீட்டை விற்ற கதையை எங்கள் வீட்டில் இன்னமும் சொல்வார்கள். அந்தக் கதையில் தரகரும் வாங்கியவரும் சிரிப்புக்குரிய பாத்திரங்கள் இல்லை. அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்த நானே, முதல் வாசிப்பில் ஒரு நொடிகூட எதிர்ப்பக்கம் போய் உட்காரவில்லை. டரலின் திறமை அவ்வளவு. அதனால்தான் இந்தப் புத்தகத்தை விமர்சனம் செய்வது எனக்குக் கொஞ்சம் சங்கடமான வேலை. மயங்கியவனில் நானும் ஒருவன்.

இங்கே இன்னொரு தொடர்பும் உண்டு. டரல் பிறந்தது ஜலந்தரில், 1912-இல். படித்தது டார்ஜிலிங்கில். அப்பா இந்தியாவில் ரயில் பாதை போட்ட பொறியாளர். பதினோரு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, அந்த நாட்டைக் கடைசிவரை வெறுத்தவர். 1878-இல் பிரிட்டன் துருக்கியிடமிருந்து சைப்ரஸை வாங்கி இறங்கியபோது, மால்டாவிலிருந்து கூட்டிப் போன படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். ஆக, சாம்ராஜ்யம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாத ஆள் இல்லை அவர். பிறந்ததே அதற்குள்.

அப்படியிருந்தும் முன்னுரையில் இது அரசியல் புத்தகம் இல்லை என்கிறார். இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையான சண்டை. தீவில் அப்போது ஐந்தில் நான்கு பங்கு கிரேக்கர்கள். மீதியில் பெரும்பாலோர் துருக்கியர். கிரேக்கர்களில் பெரும்பாலோர் கேட்டது எனோசிஸ், அதாவது கிரேக்கத்தோடு இணைவு. டரலின் ஊர்க்காரர்களும் கேட்டார்கள். ஆங்கிலேயர்களை எங்களுக்குப் பிடிக்கும், ஆனால் எனோசிஸ் வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னார்கள். டரல் இதை ஒரு செல்லமான முரண்பாடாக, குழந்தைத்தனமாக எழுதுகிறார். எனக்கு அதில் எந்த முரண்பாடும் தெரியவில்லை. விருந்தாளியைப் பிடிக்கும், வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடு என்கிறார்கள். அவ்வளவுதானே? மேஜையில் நன்றாகப் பேசுகிறவர்களாக அவர்களை ரசிக்கத் தெரிந்தவருக்கு, யோசித்து முடிவெடுத்தவர்களாக அவர்களைப் பார்க்கத் தெரியவில்லை. பிரச்சினை லண்டனின் மந்தத்தால் வந்தது, பள்ளிப் பையன்களின் ஆவேசத்தால் வந்தது என்று காரணம் தேடிக்கொண்டே போகிறார். லண்டனின் மந்தம் உண்மைதான். 1954 ஜூலையில் ஹென்றி ஹாப்கின்சன் என்ற துணை அமைச்சர், சில பிரதேசங்களுக்கு ஒருபோதும் முழு விடுதலை கிடையாது என்ற பொருள்பட நாடாளுமன்றத்தில் பேசியது தீயில் எண்ணெய் ஊற்றியது. ஆனால் அந்த அரசின் குரலாக சம்பளம் வாங்கியவர் யார்? டரல்தானே?

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த குறை இல்லை. நிகோசியாவில் கிரேக்கத் துணைத் தூதரகத்தில் வேலை பார்த்த ரோடிஸ் ரூஃபோஸ், 1960-இல் ஆங்கிலத்திலேயே ஒரு நாவல் எழுதிப் பதில் சொன்னார். சைப்ரஸ் கவிஞர் கோஸ்டாஸ் மோண்டிஸ் 1964-இல் ‘மூடிய கதவுகள்’ என்று பொருள்படும் சிறு நாவலை எழுதி, டரலுக்கான பதில் என்று துணைத்தலைப்பிலேயே போட்டார். டரல் பொறுமை இழந்து எழுதிய அந்தப் பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து சொல்லப்படும் கதை அது. ஏதென்ஸ் நாட்களிலிருந்து டரலின் நண்பரான ஜார்ஜ் செஃபெரிஸும் 1953-இல் அதே தீவுக்கு வந்தார். அவர் எழுதிய கவிதைத் தொகுப்பை சைப்ரஸ் மக்களுக்குச் சமர்ப்பித்தார். ஒரே வருடம் ஒரே தீவுக்கு வந்த இரண்டு நண்பர்கள். ஒருவர் அரசின் செய்தித்துறைக்குப் போனார்.

அப்படியானால் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடலாமா? காலனியப் பிரசாரம் என்று ஒரு முத்திரை குத்திவிட்டால் வேலை சுலபம். ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணம் கடைசிப் பகுதி. அங்கே மேஜைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. ஒயினும் சிரிப்பும் அரிதாகின்றன. கைரீனியாவில் டரலுக்கு இடம் கொடுத்த ஆசிரியர் பானோஸ், ஒரு வசந்த நாளில் அவரோடு பூப்பறிக்கப் போகிறார். சில நாளிலேயே சுட்டுக் கொல்லப்படுகிறார். 1956 மே மாதம் மிகாலிஸ் கராஓலிஸ் என்ற இளைஞர் தூக்கிலிடப்படுகிறார். டரல் தன் பொருட்களை எடுக்கக் கடைசியாக ஒருமுறை பெல்லபைஸுக்குப் போகும்போது, காபிக்கடை நிறைய ஆட்கள். ஒருவரும் பேசவில்லை. வா, உட்கார், ஒரு காபி குடி என்று கூப்பிட ஆள் இல்லை.

விருந்தோம்பலைப் பற்றி இதைவிட நேர்மையான பக்கத்தை அவர் எழுதியதில்லை. முதலில் பொய் சொல்லி வாங்கிய இடம், கடைசியில் ஒரு மௌனத்தில் திரும்பப் பெறப்படுகிறது. அந்த மௌனத்துக்கு டரல் விளக்கம் சொல்ல முயன்றிருந்தால் கெடுத்திருப்பார். சொல்லவில்லை. தன்னைக் குற்றவாளியாகவும் காட்டவில்லை, ஆனால் காட்சியை மறைக்கவும் இல்லை. அவருடைய கருத்துகளைவிட அவருடைய கண் நேர்மையானது. இந்தப் புத்தகத்தை நான் அலமாரியில் வைத்துக்கொள்வதற்கு இது ஒன்று போதும்.

உணவும் அரசியலும் வேறு வேறு என்று அந்தத் தீவில் யாரும் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒரே பாலாடைக்கட்டிக்குக் கிரேக்கர்கள் ஹலூமி என்றும் துருக்கியர்கள் ஹெல்லிம் என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் புவிசார் பாதுகாப்புக் கொடுத்தபோது இரண்டு பெயரையும் சேர்த்தே பதிய வேண்டியிருந்தது. நீளமான கைப்பிடிச் சட்டியில் கொதிக்கும் அந்தக் கெட்டிக் காபிக்கு எந்தக் கடையில் எந்தப் பெயர் சொல்லிக் கேட்பது என்பதே ஒரு நிலைப்பாடு.

1974-இல் துருக்கிப் படை வந்து தீவு இரண்டானது. பெல்லபைஸ் வடக்கே மாட்டிக்கொண்டது. அங்கிருந்த கிரேக்கக் குடும்பங்கள் அதற்குப் பிறகு தெற்கே போக வேண்டியதாயிற்று. டரலுக்குக் காபி ஊற்றியவர்களின் பிள்ளைகள் இன்று அந்த ஊரில் இல்லை. வீட்டுச் சுவரில் மட்டும் டரல் இங்கே வாழ்ந்தார் என்ற பலகை இருக்கிறது. அந்தச் சோம்பல் மரம் எது என்று இரண்டு கடைகள் போட்டி போடுகின்றன. வருகிறவர்கள் நிழலில் உட்கார்ந்து, புத்தகத்தின் முதல் பாதியை மனதில் ஓட்டிக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பின்பாதி யாருக்கும் ஞாபகம் இருப்பதாகத் தெரியவில்லை.

படிக்காதவர்கள் கட்டாயம் படியுங்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள். வீடு வாங்கும் அத்தியாயம் வரும்போது மட்டும் ஒரு நிமிடம் எழுந்து, அந்தப் பெரிய சாவியை மடியில் வைத்திருப்பவளின் பக்கம் போய் உட்கார்ந்து பாருங்கள். எனக்கு அதற்குப் பதினைந்து வருடம் ஆயிற்று.