சிறு இசைத்தட்டு நிறுவனங்களின் வெற்றி

சிறு இசைத்தட்டு நிறுவனங்களின் வெற்றியை விற்பனைக் கணக்கொன்றாலேயே அளப்பது பெருவழக்கு. அவ்வளவுகோல் குறையுடைத்து என்பதற்கு, ஐக்கிய அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் எழுந்த ஸ்ராக்ஸ் நிறுவனத்தின் வரலாறு தக்க சான்றாகும்.

1957இல் ஜிம் ஸ்ருவேட் தொடங்கிய நிறுவனமே 1961இல் ஸ்ராக்ஸ் எனப் பெயர் மாறியது. அவர் தமக்கையார் எஸ்தெல் அக்ஸ்ரன் தம் வீட்டை ஈடுவைத்துப் பொருள் உதவினார். பழைய படமாளிகையொன்று ஒலிப்பதிவுக்கூடமாயிற்று. அதன் முகப்பில் நடந்த இசைத்தட்டுக் கடை, அயலிலுள்ள இளைஞரின் சுவையை நாள்தோறும் அறிவித்தது. நிறவேற்றுமை மேலோங்கிய அந்நகரில் கறுப்பரும் வெள்ளையரும் ஒருங்கிருந்து இசைத்தனர். புக்கர் ரி. ஜோன்ஸ் குழுவினர் 1962இல் வெளியிட்ட 'கிறீன் அணியன்ஸ்' அக்கூட்டுறவின் கனியாகும். பெருநிறுவனங்கட்கு எளிதில் வாய்க்காத இவ்வணுக்கமே ஸ்ராக்ஸின் பலம்.

ஆயின், தட்டுகளை நாடெங்கும் பரப்பும் பொறுப்பு அத்திலாந்திக் நிறுவனத்திடம் இருந்தது. 1965இல் எழுதப்பட்ட ஒப்பந்தம், அவ்வாறு பரப்பப்பட்ட மூல ஒலிப்பதிவுகளின் உரிமையையும் அதற்கே அளித்தது. 1967இல் அத்திலாந்திக் விற்கப்பட்டதன் பின்னரே ஸ்ருவேட் தம் இழப்பை உணர்ந்தார். ஓற்றிஸ் றெடிங்கின் பாடல்களும் அவ்வாறே கைநழுவின. 1969இல் 27 நெடுந்தட்டுகளை ஒருசேர வெளியிட்டு மீண்டெழ முயன்ற நிறுவனம், 1975இல் கடன் மிகுந்து மூடப்பட்டது.

நல்லிசையை இனங்காணும் செவி ஸ்ராக்ஸுக்கு வாய்த்திருந்தது. அதனைக் காக்கும் விழிப்பு வாய்த்திலது. ஆகவே, எத்துணைத் தட்டுகள் விற்றன என்னும் வினாவோடு, அவை எவருக்குரியன என்னும் வினாவையும் எழுப்பியே இத்தகைய நிறுவனங்களின் வெற்றியை மதிப்பிடல் வேண்டும்.